எல் சைஸ்

வூப்பர்டாலில் கச்சேரி முடிந்து
மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்,
கிதார் வாசித்த விரல்களால்
டி-ஷர்ட் மடித்துக்கொண்டு.

"உங்கள் பாட்டு எல்லாமே என்னிடம் இருக்கிறது"
கைப்பேசியைத் தட்டிக் காட்டுகிறான் ஒருவன்.
காசு கொடுத்து வாங்கியதில்லை.
அவன் மறைக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நாலாவது பாட்டில் ஓரிடத்தில்
நான் மூச்சு வாங்குவது கேட்குமாம்.
அதற்காகவே திரும்பத் திரும்பப் போடுவானாம்,
இரவு ஷிஃப்டில், ரொட்டி அடுப்பருகே.

அந்த மூச்சை அழிக்கச் சொல்லி
ஒலிப்பதிவுக்கார யுட்டாவோடு
ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டவள் நான்.

வேனுக்கு டீசல் போட
இன்னும் மூன்று விற்றாக வேண்டும்.
பதினெட்டு யூரோ. எக்ஸ்எல் தீர்ந்துவிட்டது.

எல்லை மாட்டிக்கொண்டு
வயிற்றை எக்கி நிற்கிறான்.

மூச்சை விடுங்கள், என்றேன்.
தையல் தாங்கும்.