வலதுகால் பெருவிரலுக்கு

ஐம்பத்து மூன்று வருடம்
உன்னைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.
சாக்ஸில் ஓட்டை விழுந்தால் மட்டும்
யார்மிலா உன்னைத் திட்டுவாள்.
இப்போது இரவு இரண்டே காலுக்கு
நீ என்னை எழுப்புகிறாய்,
போர்வையின் ஓரம் பட்டதற்கே
பழுக்கக் காய்ச்சிய கம்பி பட்டதுபோல.
ஜன்னலைத் திறந்தால் பில்சன் நகரம் முழுக்க
மால்ட் வேகிற வாசனை.
இந்த ஊர்க்காரனுக்கு அது
அம்மாவின் அடுப்படியைவிட முந்தைய வாசனை.

டிராம் ஓட்டுகிறவனுக்கு நீ யார் தெரியுமா?
மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் நான்.
காலை எடுத்தால்
ஓட்டுநர் செத்துவிட்டான் என்று
வண்டி தானே நின்றுவிடும்.
அந்த மார்ச் திங்கட்கிழமை, பாலத்தின் நடுவே
நீ கத்தினாய்.
நான் காலை எடுத்தேன்.
எழுபது பேர் ஒரே பக்கமாகச் சாய்ந்தார்கள்.
யாருடைய பையிலிருந்தோ உருளைக்கிழங்குகள்
கதவு வரை உருண்டு போயின.
ஒரு பையன் என் கண்ணாடியைத் தட்டி
"உயிரோடு இருக்கிறீர்களா?" என்றான்.
இருக்கிறேன் என்றேன்.
வண்டி நம்பவில்லை.

டாக்டர் ஹெத்விகா தாளில் எழுதினாள்:
யூரிக் அமிலம் ஐந்நூற்று அறுபத்தெட்டு,
அதன் கீழே
எடை நூற்றுப் பதினெட்டு,
கூட்டல் கணக்குபோல.
டிராம் பாஷையில் சொல்லுங்கள் என்றேன்.
சிரிக்காமல் சொன்னாள்:

அமிலம் ஒரு பயணி. எல்லோர் உடம்பிலும் ஏறும்,
சிறுநீரக வாசலில் இறங்கிப் போய்விடும்.
உங்கள் தொப்பை நிறுத்தத்துக்கு நிறுத்தம்
இன்னும் பத்துப் பேரை ஏற்றுகிறது,
கதவையோ பாதிதான் திறக்கவிடுகிறது.
பீர் தன் கூட்டத்தோடு வந்து
அந்தப் பாதியையும் அடைத்து நிற்கிறது.
இறங்க முடியாதவர்கள் எங்கே போவார்கள்?
கடைசி நிறுத்தத்துக்கு.
அங்கே குளிர்.
உட்கார்ந்தவர்கள் ஊசியாகிவிடுகிறார்கள்.

வைனுக்கு மாறினால் என்ன என்று கேட்டேன்.
அவள் பேனாவை மூடிவிட்டாள்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பானாம்.
என்னை உப்பு தின்கிறது;
தண்ணீரும் நானே குடிக்க வேண்டியிருக்கிறது.

என் தம்பி ஒல்ட்ரிஹ்
என்னைவிட இரண்டு கிளாஸ் அதிகம் குடிப்பவன்,
என்னைவிடப் பருமன்.
அவன் விரல் கல்யாணங்களில் போல்கா ஆடுகிறது.
இதற்கு டாக்டரிடம் டிராம் உவமை இல்லை.
"சிலருக்குக் கதவே சின்னதாகப் பொருத்தப்பட்டிருக்கும்" என்றாள்,
அவ்வளவுதான்.

கோபத்தில் ஒன்பது நாள் பட்டினி கிடந்தேன்.
முட்டைக்கோஸ் சூப், அதுவும் ஒரு வேளை.
ஆறு கிலோ இறங்கியது.
பத்தாம் நாள் இரவு இரண்டே காலுக்கு
நீ வந்தாய்,
முன்னைவிடச் சிவந்து, முன்னைவிடப் பளபளத்து.
கொடுத்த கடனைத் திருப்பித் தந்தவனையே
வாசலில் வைத்து அடிப்பாயா நீ?
"மெதுவாக" என்றாள் ஹெத்விகா தொலைபேசியில்.
"அவசரமாக இளைத்தாலும் அமிலம் ஏறும்.
மாதத்துக்கு இரண்டு கிலோ. மாத்திரையை நிறுத்தாதீர்கள்.
வளைவில் வண்டியை எப்படித் திருப்புவீர்கள்?"

இப்போது டெப்போவில் நாற்காலி வேலை.
மற்றவர்களின் வண்டிகள்
திரையில் பச்சைப் புள்ளிகளாக நகர்கின்றன.
எண்பத்தொரு நாளாக நீ பேசவில்லை.
எடை நூற்றுப் பன்னிரண்டு.

வியாழக்கிழமை லுபோர் கூப்பிட்டான், போனேன்.
அதே மேசை, அதே மரப்பெஞ்சு,
என் பக்கம் மட்டும் பள்ளம்.
தண்ணீர் என்றேன்.
பரிமாறுகிறவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான்,
கிளாஸுக்கு ஒரு கோடு போடும் அந்தச் சீட்டை
என் முன்னால் வைத்தான்,
பென்சில் காகிதத்தைத் தொடாமல் நின்றது.
லுபோர் தன் நுரையைத் துடைத்துக்கொண்டு
வேறெங்கோ பார்த்தான்.

"போடு" என்றேன்.
ஒரு கோடு விழுந்தது.

நீ மேசைக்கடியில்,
அகலமான புதுச் செருப்புக்குள்,
தூங்குகிறாயா, ஒட்டுக்கேட்கிறாயா
தெரியவில்லை.