வலக்கண்

உன் வண்டி இரவு இரண்டு மணிக்கு
என்னைப் பார்க்கிறது என்றார் மார்செல்.
ட்ரூலார்ட் சாலையில் எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே
ஒரு வண்டி நிற்க மட்டும் இடம்.
ஒற்றைக் கண்ணால், என்றார். வலக்கண்.

அறுபத்தெட்டாம் வருஷத்து மெர்க்குரி கூகர்.
என்ஜினை வார்த்தது இதே விண்ட்சரில்தான் என்று
விற்றவன் இரண்டு முறை சொன்னான், விலையேற்ற.
முன்விளக்குகளுக்கு இமை உண்டு.
அவற்றைப் பிடித்துவைத்திருப்பது மின்சாரம் அல்ல.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லைதான் பிடித்துவைத்திருக்கிறது.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றுக்கு ஏங்கும்.
கார்புரேட்டரின் தொண்டையில்
தகடு ஏறக்குறையச் சாத்தியிருக்கும்.
கேட்டது கிடைக்காத எட்டு சிலிண்டர்கள்
உள்ளே உண்டாக்கும் பஞ்சம் இருக்கிறதே,
அதில் ரப்பர் குழாய்களைச் சொருகிவிட்டார்கள்.
பிரேக் பூஸ்டருக்கு ஒரு பங்கு.
ஹீட்டரின் கதவுகளுக்கு ஒன்று.
தீப்பொறியின் நேரத்தை முன்னே நகர்த்த
டிஸ்ட்ரிபியூட்டருக்குச் சிறிது.
மிச்சத்தைத் தகர டப்பாவில் சேமித்து
இமைகளுக்கு.
இல்லாததைப் பங்குபோட்டு இத்தனை குடித்தனம்.

மிதித்தால் குறையும், காலை எடுத்தால் கூடும்.
மேடே இல்லாத இந்த ஊரில்
மேம்பாலம் ஏறும்போதுதான் முள் சரிந்து பார்த்திருக்கிறேன்.
என்ஜின் நின்ற பிறகும்
பிரேக்கில் ஒன்றிரண்டு மிதிக்கு வெறுமை பாக்கியிருக்கும்.

பகலில் எனக்கு இதயங்கள்.
எக்கோ அறையின் அரை இருட்டில்
விலா எலும்புகளுக்கு நடுவே ஜெல் தடவி
வால்வு சரியாக மூடாமல்
பின்னோக்கிக் கசியும் ரத்தத்தை அளப்பவள்.
ஆகவே வால்வுதான் என்றேன்.
காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.
டெட்ராய்ட் தபால் பெட்டிக்கு ஒன்றை வரவழைத்து
ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போய் எடுத்துவந்தேன்.
என்ன இது, என்றார் எல்லை அதிகாரி.
வால்வு. ஒரு பக்கம் மட்டும்தான் விடும்.
அவர் சிரிக்கவில்லை.

அன்றிரவும் வலக்கண் விழித்தது.

ஞாயிறு. ஒரு பை நிறைய
கோல்ஃப் பந்து வைக்கும் மர ஆணிகள் வாங்கினேன்.
எத்தனை வருஷமாக விளையாடுகிறீர்கள், என்றாள் கடைப்பெண்.
ஒவ்வொரு குழாயாகக் கழற்றி
வாயில் ஓர் ஆணியைச் சொருகி
அளவுமானியைப் பார்த்தேன்.
பதினான்கு. பதினான்கு. பதினான்கரை.
டப்பாவிலிருந்து வலப்பக்கம் போகும் குழாயை அடைத்ததும்
முள் பதினெட்டில் போய் அசையாமல் நின்றது,
பெயர் சொல்லி அழைத்ததும் எழுந்து நிற்கும் நோயாளியைப் போல.

ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தைக் கழற்றிவிட்டு
வெறும் குழலை விட்டுக் கேட்டேன்.
பேட்டரித் தட்டின் ஓரத்தில்
ஐம்பது வருஷம் உரசி உரசி
மயிரிழைக்கு ஒரு வெடிப்பு.
அதிலிருந்து ஸ்... என்று,
தமிழுக்கு இரவலாக வந்த எழுத்து.

வெற்றிடம் இழுக்கிறது என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.
இழுக்காது. அதற்குக் கை இல்லை.
வெளியே இருக்கிற காற்றுதான்
கிடைத்த சந்தில் முண்டியடித்து நுழைகிறது.
அவர் கல்கரிக்குப் போன பிறகு
காலியான வீடுதான் என்னை
வண்டிக்கு அடியில் இழுத்துவிட்டது என்கிறாள் தங்கை நிரோஜினி,
வாரம் தவறாமல், தொலைபேசியில்.
அவளுக்கு இதை விளக்க
இன்னும் பத்தடி குழாய் வேண்டும்.

நாலு அங்குலம் வெட்டிப் புதிதாக மாட்டினேன்.
கைப்பிடியை இழுத்தால்
இரண்டு இமையும் சோம்பலாக, ஆனால் ஒன்றாக எழுகின்றன.
தள்ளினால் மூடிக்கொள்கின்றன.

மூன்றாம் நாள் மார்செல் வேலிக்கு மேலே தலை நீட்டினார்.
தூங்குகிறதா?
தூங்குகிறது.
எனக்குத்தான் வரவில்லை, என்று உள்ளே போனார்.

ஹீட்டருக்குப் போகும் குழாயில் மட்டும்
மஞ்சள் ஆணி ஒன்று இன்னும் இருக்கிறது.
அங்கேயும் ஏதோ கசிகிறது.
நவம்பர் வரட்டும்.