குடை பிடித்த யானை

களுவாஞ்சிக்குடிச் சந்தையில்
வெட்டுத்துண்டு கிலோ கணக்கில் விற்கிறான் ஒருவன்.
எந்த நாட்டுப் பிள்ளையோ உடுத்துப் படுக்கப்போகிற
பிஜாமாவின் மிச்சம்.
உரப்பைக்குள் கையை விட்டுக் கிண்டினேன்.
மூக்குக்கண்ணாடி போட்ட ஒட்டகச்சிவிங்கி,
சப்பாத்துப் போட்ட வரிக்குதிரை,
பல்லைக் காட்டிச் சிரிக்கிற சிங்கம்.
ஒன்றுக்கும் முழு உடம்பில்லை.
தலை ஒரு துண்டில், வால் எங்கேயோ கப்பலில்.
ஒன்றரைக் கிலோ நிறுக்கச் சொன்னேன்.

"வாற மாசம் வெயில் தொடங்கிரும்,
இந்த ஊருக்குப் போர்வை என்னத்துக்கு கா?"
திக்கோடை பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருந்த புஸ்பமலர் கேட்டா.
தைப் பனியில் தகரக் கூரை சொட்டுவது
அவவின் ஓட்டு வீட்டுக்குத் தெரியாது.
எங்களிடம் இருப்பது
வெள்ளத்துக்குத் தந்த சாம்பல் கம்பளி ஒன்று.
கேனுஜாவுக்கு அது கடிக்குதாம்.
"அம்மா, இதுக்குப் பல்லிருக்கு" என்பாள்,
உதைத்துவிட்டு வெறும் பாயில் சுருண்டு படுப்பாள்.
அதுதான், கம்பளியை நடுவில் வைத்து
மேலும் கீழும் மிருகங்களால் மூடிவிட நினைத்தேன்.

பகலில் வெட்டினேன். சாண் அகலம், சாண் நீளம்.
சிங்கத்தின் முகத்துக்கு
வரிக்குதிரையின் முதுகு சரியாக வந்தது.
ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து போதவில்லை,
கோணேஸின் பழைய சாரத்தில் கொஞ்சம் கிழித்து நீட்டினேன்.
இப்போது அது கட்டம் போட்ட கழுத்து.
கேனுஜா ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாள்.
நரி மட்டும் பேரில்லாமல் கிடந்தது,
அதன் முழி சரியில்லையாம்.

யானைத் துண்டுகளை அவள் காணமுன் எடுத்து
ஒரு ஷொப்பிங் பையில் முடிந்து
அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்தேன்.
நீல யானை. தலைக்கு மேல் சிவப்புக் குடை.
போன கிழமை எங்கள் குசினிச் சுவரைச் சாய்த்தது
நீலமில்லை. குடையுமில்லை.
நெல் மூட்டையை இழுத்த சத்தத்துக்கு எழும்பின பிள்ளை
அன்றிலிருந்து இருட்டினால்
ஒண்ணுக்குக்கூட வெளியே போகிறதில்லை.

வட்டைக்குள் வேளாண்மை குடலையாய் நிற்கிறது.
கோணேஸ் அந்தியில் காவலுக்குப் போனார்:
ரோச் லைட், தேத்தண்ணிப் போத்தல், நாலு யானை வெடி.
நான் மெஷினை மிதித்தேன்.
கம்பளி தடிப்பு. இரண்டு ஊசி முறிந்தது,
மறுகா கையாலேயே கோர்த்தேன்.
பதினொரு மணிக்கு ஒரு வெடி.
ஒரு மணிக்கு ஒன்று.
மறுகா நாய்கள் மட்டும். மறுகா அதுவுமில்லை.
வெடி கேட்டாலும் பயம், கேட்காவிட்டாலும் பயம்.
நேராகப் போகவேண்டிய தையல்
அந்த இடத்தில் வளைந்து கிடப்பதை
இப்போதும் விரலால் தடவிப் பார்க்கலாம்.

விடியப்புறம் வந்தார். காலெல்லாம் சேறு.
வலது பெருவிரலும் சுட்டுவிரலும் கொப்பளித்திருந்தன.
"திரியப் பத்த வெச்சிட்டன். எறிய ஓங்கினா,
தாயின்ட காலுக்க ஒரு குட்டி நிண்டது.
நம்மட பிள்ளையின்ட உசரம்தான்.
ஒள்ளுப்பம் சுணங்கிட்டன்."
"மறுகா?"
"வானத்துக்கு எறிஞ்சன். ரெண்டு வரவை போயிட்டு."
விரலுக்குப் பற்பசை பூசிவிட்டேன்.
தேத்தண்ணி குடிக்காமலே படுத்துவிட்டார்.

போர்வையின் மூலையில்
இன்னும் ஒரு துண்டுக்கு இடமிருந்தது.
நரியை வைத்துப் பார்த்தேன். முழி சரியில்லைதான்.
அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டேன்.

வெள்ளை நூல் முடிந்திருந்தது, பச்சையால் தைத்தேன்.
பிள்ளை எழும்பி வந்து
மூலையைப் பிடித்துக் கனநேரம் பார்த்தாள்.
"இது நம்மட நெல்லத் தின்னுமா?"
"வாயைப் பாரு" என்றேன்.
தும்பிக்கை உண்டு, கண் உண்டு, குடை உண்டு.
வாய் இருந்த இடம்
என் தையலுக்குள் மடிந்து போயிருந்தது.
அவள் யோசித்தாள்.
"அப்ப அதுக்குப் பசிக்கும்" என்றாள்.