வெளிச்சத்துக்கு ரசீது

ஊர்க்கூட்டத்தில் கைகளை எண்ணினார்கள்:
நாற்பத்தொன்று, முப்பத்தாறு.
தெருவிளக்குக்கு இனி வரிப்பணம் இல்லை.
வேண்டியவர் தம் வாசல் விளக்கைத் தாமே வைத்துக்கொள்ளலாம்,
மாதம் பதினாலு டாலர்.

தீர்மானம் கொண்டுவந்தவர் ஆர்லோ பிக்கெட்,
மரம் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர்.
"கேட்காமல் அடுத்தவன் பையில் எடுத்த காசில் எரிந்தால்
அந்த விளக்கும் எனக்கு இருட்டுதான்" என்றாராம்.
எதிர்த்தவள் டெல்ஃபீன் பெலாஞ்ஜே.
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி முடித்து நடந்தே வீடு வருகிறவள்.
"இருட்டு யாருக்குச் சொந்தம்?"
அவ்வளவுதான் கேட்டாளாம், உட்கார்ந்துவிட்டாளாம்.

நான் மின்கம்பெனி ஆள்.
எனக்கு ஓட்டில்லை, ஏணி உண்டு.
மார்ச் கடைசி, நியூ ஹாம்ப்ஷயரின் வடக்கு ஓரம்,
கையுறைக்குள்ளேயே விரல் மரத்துப்போகிற குளிர்.
பதினோரு விளக்கில் பத்தைக் கழற்றினேன்.
ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும் போன கோடையின் பூச்சிகள்
ஒரு கைப்பிடி,
யாருக்கும் வரி கட்டாமல் வந்து செத்தவை.

பதினோராவதில் ஏறும்போது
பிக்கெட் ஜன்னலைத் திறந்தார்:
"அதை விட்டுவிடு. நான் கட்டுகிறேன்."

விளக்குக்கு வேலி தெரியாது.
அவர் காசில் எரிந்தது
பாதிச் சாலையை நனைத்தது,
எதிர்வீட்டுத் தபால்பெட்டியை,
பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் மூன்று பிள்ளைகளை,
விடிகாலை ஐந்துக்கு டெல்ஃபீனின் பூட்ஸை.

மே மாதம் பல்பு மாற்றப் போனபோது
உறை ஒன்றைக் காட்டினார்.
உள்ளே ஒரு டாலர் நாற்பது சென்ட்.
"இருபத்தாறு நாள் நடந்த வெளிச்சத்துக்கு.
ரசீது தேவை. டெல்ஃபீன் பெ."

திருப்பி அனுப்பியிருக்கிறார்:
என் எல்லை தாண்டி விழுவதை நான் விற்பதில்லை.
மறுபடி வந்திருக்கிறது:
நான் ஓசியில் வாங்குவதில்லை.
அவர்: ஒப்பந்தத்துக்கு இரண்டு சம்மதம் வேண்டும்.
அவள்: இருட்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை.

தேதிவாரியாக ஆணியில் குத்தி வைத்திருந்தார் அத்தனையையும்.
கோபமா சந்தோஷமா, முகத்தில் பிடிபடவில்லை.
கோர்ட்டுக்குப் போக இருவருக்கும் இஷ்டமில்லை:
அது அரசாங்கத்துடையது என்று அவர்,
அது அவ்வளவு தூரம் என்று அவள்.
நடுவராக இருக்க என்னைக் கேட்டார்கள், தனித்தனியாக.
கூலி, ஆளுக்கு ஒரு டஜன் முட்டை.

இவர்கள் இரண்டு பேருக்கும் மின்சாரம் என் கம்பெனியுடையது.
அதை யாரும் கை தூக்கித் தேர்ந்தெடுக்கவில்லை,
கடையில் விலை கேட்டும் வாங்கவில்லை.
இந்த மலைக்கு வேறொன்று வருவதில்லை, அதனால் இது.
நடுவர் இதையெல்லாம் பேசக்கூடாது.

மூன்று வாரம் தவணை வாங்கினேன்.
ஓரிரவு அளவுநாடாவோடு போய்
வெளிச்சம் எங்கே முடிகிறதென்று பார்த்தேன்.
பத்தடியில் முகம் தெரிகிறது.
முப்பதடியில் கை.
அதற்கப்பால் கையா கிளையா என்பது
பார்க்கிறவன் நம்பிக்கை.
கோடு போட எடுத்துப்போன சாக்பீஸ்
ஈரத் தாரில் பிடிக்கவில்லை.

பூச்சிகள் வந்துவிட்டன, அந்த ஒற்றை விளக்குக்கு,
பதினோரு விளக்கின் பூச்சிகளும்.

இருபத்துநாலு முட்டையும் தின்றாகிவிட்டது.
தீர்ப்பு மட்டும் பாக்கி.