ஒன்பதாவது பிணம்

நாவலில் அது ஒரே வரி.
விடிந்தபோது பாலத்தடியில் ஒன்பது பேர் கிடந்தார்கள்.
அடுத்த பத்தியில் வீரன்
வாளைத் துடைத்துவிட்டுச் சோறு கேட்கிறான்.

அந்த ஒரு வரிக்கு
எங்களுக்கு மூன்று இரவு.
கியோத்தோ, ஜனவரி,
ஸ்டுடியோவின் பின்புறம்
தச்சர்கள் எழுப்பிய அரைப் பாலம்
(மறுபாதி கேமராவுக்குத் தெரியாது).
தீயணைப்பு வண்டி வந்து
சேறு உண்டாக்கிவிட்டுப் போனது.

என்னுடையது கணக்குப்பிள்ளை உத்தியோகம்.
எந்தப் பிணம் எந்தத் திசையில் தலைவைத்தது,
யாருடைய குடுமி அவிழ்ந்தது,
எவன் காலில் ஒற்றைச் செருப்பு.
ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே
உலகம் நகர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிரில் செத்தவர்கள் எல்லோரும் புகைந்தார்கள்.
"ஆவி போனவன் வாயில் ஆவி வருதே!"
உதவி இயக்குநர் கத்தினார்.
வாளியில் பனிக்கட்டி வந்தது.
ஆளுக்கொரு துண்டு
நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு சாக வேண்டும்.

எட்டுப் பேர் வாங்கிக்கொண்டார்கள்.
ஒன்பதாவது ஆள் இகுஷிமா.
நாலரை மணிக்கு தோஃபு கடையில்
சோயா அரைக்கப் போக வேண்டியவன்.
கடைவாயில் சொத்தை.
பனிக்கட்டி பட்டதும்
பிணம் எழுந்து உட்கார்ந்தது.
சிரித்தோம், நானும்தான்.
தாடையைப் பிடித்தபடி
மறுபடி படுத்தான், அதே பள்ளத்தில்,
நான் சொன்ன கோணத்தில்.

மூன்றாம் இரவு நாவலாசிரியர் வந்தார், மகாபே.
கம்பளி மப்ளர், எல்லோருக்கும் ஒரு பெட்டி ஆரஞ்சு.
என் பிரதியை நீட்டிக் கேட்டேன்:
ஏன் ஒன்பது?
அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.
"முதலில் எட்டுதான்.
வாய்விட்டு வாசித்தேன், வாக்கியம் நொண்டியது.
ப்ரூஃபில் ஒன்றைச் சேர்த்தேன்."

காதுக்காகச் செத்தவன்
பத்தடி தள்ளிக்
கன்னத்தை உள்ளே உறிஞ்சிக்கொண்டு கிடந்தான்.
அவரிடம் காட்டவில்லை.
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி டேக்.
வீரன் பாலம் கடக்கிறான்,
கேமரா அவன் பின்னால் போகிறது,
எல்லாக் கண்ணும் அவன் பின்னால்.
இடது கீழ் மூலையில்
வெள்ளையாக, உள்ளங்கையளவு,
ஒரு மூச்சு.

"எல்லாம் சரிதானே?"
இயக்குநர் என் பக்கம் திரும்பினார்.
கிழக்கே வெளுக்கத் தொடங்கியிருந்தது.
மணி நாலே முக்கால்.
நோட்டில் எழுதினேன்: சரி.

ஏப்ரலில் படம் வந்தது.
காசு கொடுத்து இரண்டு தரம் பார்த்தேன்.
பின்வரிசையில் யாரோ அரிசி அப்பளம் நொறுக்கினார்கள்.
யாரும் பார்க்கவில்லை அந்த மூலையை.
முதல் தரம் நான்கூடத் தவறவிட்டேன்,
வீரனையே பார்த்துக்கொண்டிருந்ததில்.

நாவல் நாலாம் பதிப்பு கண்டுவிட்டது.
அதிலும் ஒன்பது பேர் கிடக்கிறார்கள்.
என் பிரதியில் மட்டும்
பென்சிலால் அடித்துத் திருத்தியிருக்கிறேன்: எட்டு.

வாக்கியம் நொண்டுகிறது, உண்மைதான்.
நொண்டட்டும்.