இணைப்பு: ஒரு பாட்டில்

நாற்பத்தொரு ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர் அறிக்கை
தர்மபுரிக்கே திரும்பி வந்தது.
ஓரமெல்லாம் சிவப்பு மை.

"நல்ல முயற்சி."
"உங்கள் பகுதிக்கு இதுவே அதிகம்."
"ஃபுளோரைடு என்றால் என்னவென்று
முதலில் ஒரு தரமான நூலில் பார்க்கவும்."
ஆலோசகருக்குக் கையெழுத்து அழகு.
'பார்க்கவும்' என்பதன் கீழே இரண்டு கோடு,
அளவுகோல் வைத்து இழுத்திருக்கிறார்.

பார்த்திருக்கிறேன், ஐயா.
பாலக்கோட்டுப் பக்கம் பிறந்தவள்.
ஆறாம் வகுப்பு குரூப் போட்டோவில்
வாயை மூடிக்கொண்டு சிரிக்கிற பதினோரு பேரில்
இடமிருந்து நான்காவது.

இது முதல் வரைவு.
முனிரத்தினம் படித்துவிட்டு
"இப்படியே அனுப்புங்க மேடம்" என்றார்,
கண்ணெல்லாம் பளபளக்க.
அதனால்தான் அனுப்பவில்லை.

இரண்டாவதில் கேள்விகள்.
தாங்கள் கடைசியாக ஒரு கைப்பம்பை அடித்தது
எந்த ஆண்டு, இந்த மாதிரி.
மூன்றாவதில் 'பணிவுடன்' ஐந்து இடத்தில் இருந்தது.
அது முதலாவதைவிட விஷம்.

தக்காளி லாரிகளின் சத்தம் அடங்கிய மதியத்தில்
வழக்கமான வேலைக்குத் திரும்பினேன்.
கிணற்று நீரில் செஞ்சாயம் விட வேண்டும்.
அது எவ்வளவு கலந்திருக்கிறதோ
அவ்வளவு சிவப்பு காணாமல் போகும்.
வெளுத்த குடுவைதான்
அதிகம் வைத்திருக்கிற குடுவை.
பதினாலு வருஷமாக இதைப் பார்க்கிறேன்,
அன்றைக்குத்தான் கொஞ்சம் நின்று பார்த்தேன்.

அப்புறம் அவருடைய குறிப்புகளை எடுத்து
மேலே மிதந்த பரிவையும்
அடியில் படிந்த மற்றதையும்
வடித்துப் பார்த்தேன்.
ஆறில் ஒன்றும் தேறவில்லை.
ஏழாவது:
"வெப்பநிலை பதியப்படவில்லை
(இதையுமா சொல்லித்தர வேண்டும்?)"

அடைப்புக்குறியை எடுத்துவிட்டால்
அவர் சொல்வது சரி.

அதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள
ஒரு ராத்திரி முழுக்க ஆனது.
சனிக்கிழமை நல்லம்பள்ளியில்
நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. போகவில்லை.
நாற்பத்தொன்றையும் மறுபடி செய்தேன்.
இருபத்திரண்டாம் கிணறு
இரண்டு புள்ளி எட்டு இல்லை,
இரண்டு புள்ளி ஒன்பது.

பொருள்: நீர்த்தர அறிக்கை – திருத்தம் – தொடர்பாக.
பார்வை: தங்கள் ஓரக்குறிப்புகள்.
குறிப்பு ஏழு ஏற்கப்பட்டது, நன்றி.
மாதிரிகள் அனைத்தும் ஒரே வெப்பநிலையில்
மறுசோதனை செய்யப்பட்டுள்ளன.
குறிப்பு ஒன்று முதல் ஆறு வரை
அளவீடு பற்றியவை அல்ல;
எனவே அவற்றால் அளவீட்டில் மாற்றமில்லை.
இணைப்பு: கிணறு எண் இருபத்திரண்டு, ஒரு லிட்டர்.
தங்கள் ஆய்வகத்தில் சோதித்து
முடிவைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
ச. வேடியம்மாள்,
இளநிலைப் பகுப்பாய்வாளர்.

பல்லைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

முனிரத்தினத்துக்கு ஏமாற்றம்தான்.
பாட்டிலுக்கு மூடியை இறுக்கி, மெழுகு வைத்து,
"பாத்துங்க, தாகத்துல குடிச்சிடப் போறாரு" என்றார்.
சிரித்துக்கொண்டே லேபிளில் எழுதினேன்:
குடிப்பதற்கு அல்ல.

இதே வார்த்தைகளைப் போன வருஷம்
இருபத்திரண்டாம் கிணற்றின் பம்பு மேலேயும் எழுதினோம்,
சிவப்பு பெயிண்டில்.
போன வாரம் மாதிரி எடுக்கப் போனபோது
'குடி' மட்டும் மீதி இருந்தது.
எனக்கு முன்னால்
ஒன்பது குடம்.