மூன்று ராத்திரி

அறுபத்தைந்து ரூபாய்.
வேலம்பாளையம் மெடிக்கலில்
இருமல் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.
"பாலுக்குங்களா, சும்மாவுக்குங்களா?"
சும்மாவுக்கு என்றேன்.
எதுவும் வராத ஒரு காம்பைக்
காசு கொடுத்து வாங்கினேன்.

ஆறு வாசல், ஒரே ஓட்டுக்கூரை.
நடுச்சுவர் உச்சி வரை எட்டாது.
இந்த வீட்டுத் தாளிப்புக்கு
அந்த வீட்டில் தும்முவார்கள்.
டையிங்கில் நைட் முடித்துப் பகலில் தூங்கும்
செங்கோடன் அண்ணன்
தஷ்விகா அழுதால் சுவரைத் தட்டமாட்டார்.
புரண்டு படுப்பார், கட்டில் கிறீச்சிடும்.
தட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாயில் வைத்தேன்.
கட்டில் அடங்கியது.

இப்போது ரெண்டேகால் வயசு.
"முன்பல் தூக்குது பாருங்க" என்றார் டாக்டர்.
"முதல்ல அதைப் புடுங்கி எறி" என்றார் இவர்,
கீழுதட்டுக்குள் ஹான்ஸை அதக்கிக்கொண்டு.
நான் அந்த உதட்டையே பார்த்தேன்.
அவர் டீவியைப் பார்த்தார்.

வேப்பெண்ணெய் தடவினேன்.
முகம் சுளித்தாள். துப்பினாள்.
என் நைட்டியில் துடைத்து
மறுபடி வைத்துக்கொண்டாள்.
நாலாம் நாள் தடவ மறந்தேன்,
எண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"நுனியைத் தினம் துளி வெட்டு,
காத்துப் போனா அதுவே உட்டுரும்"
செக்கிங் மேசையில் எதிரில் நிற்கும் பூங்கோதை சொன்னாள்.
டிரிம்மர் எனக்கு ஆறாவது விரல்.
ஒரு நாளைக்கு அறுநூறு பனியனுக்குப் பிசிர் வெட்டுகிறவள்
ஒரு ரப்பர் வெட்ட மாட்டேனா?
வெட்டப்போன கை நின்றது.
கம்பெனியில் ஊசி உடைந்தால்
எல்லாத் துண்டும் கிடைத்து
நோட்டில் ஒட்டினால்தான் லைன் ஓடும்.
கிடைக்காத துண்டு
ஏதோ ஒரு ஊர்க் குழந்தையின் முதுகில் குத்தும்.
பிய்ந்துபோகும் இந்தத் துண்டை
எந்தத் தொண்டையில் போய்த் தேடுவேன்?

ஒரேயடியாக நிறுத்த மூன்று ராத்திரி அழுவாளாம்.
வாசல் வாசலாகப் போய்க் கேட்டேன்,
கைமாத்துக் கேட்பதுபோல.

"கெமிஸ்ட்ரி பரீட்சை முடியட்டுமுங்" என்றார் துளசிமணி அக்கா.
பையனுக்குப் பன்னிரண்டாவது.
ஒடிசாப் பொண்ணு சுபாசினி
நான் பாதி சொல்லும்போதே
"பரவால்ல அக்கா" என்றாள்.
என்ன புரிந்ததோ.
செங்கோடன் அண்ணனிடம் கடைசியாக.
"ராத்திரி நான் எங்கீங் அம்மிணி இருக்கேன்?
அழுவட்டும் உடு.
கொழந்தைதான அழுவுது,
கரண்டா போச்சு?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.
பகலில் அவருக்காக வைத்தேன், சரி.
நான் மறுபடி கம்பெனி வண்டி ஏறிய பிறகு
இத்தனை ராத்திரி
யாருக்காக வைத்தேன்?
என் தூக்கத்துக்கு.
இதை டாக்டரிடம் சொல்லவில்லை.

கெமிஸ்ட்ரி வெள்ளிக்கிழமை முடிந்தது.
அன்று ராத்திரி
அழுகை ஓட்டைத் தூக்கியது.
சுவருக்கு அந்தப்பக்கம் யாரோ
ஃபேனை அஞ்சில் வைத்தார்கள்.
சனி,
அழுதாள், நிறுத்தி என்னைப் பார்த்தாள், அழுதாள்.
நெஞ்சில் போட்டுத் தட்டினேன்.
என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்,
வாயில் வைக்கவில்லை,
சும்மா பிடித்துக்கொண்டாள்.
இவர் வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து
கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஞாயிறு ராத்திரி ரெண்டு மணி.
கதவு தட்டும் சத்தம்.
துளசிமணி அக்கா, பின்னால் பையன்,
அதற்கும் பின்னால் சுபாசினி, செல்போன் வெளிச்சத்தோடு.

"ஏனுங், சத்தத்தையே காணமுங்.
பாப்பாவுக்கு மேலுக்கு ஏதாச்சுமா?"

தூங்குகிறாள் என்று சைகை காட்டினேன்.
நம்பாமல் எட்டிப் பார்த்தார்கள்,
ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர்.
வாய் லேசாகத் திறந்திருந்தது.
உள்ளே ஒன்றும் இல்லை.